இல்லத்துக்குக் கொடுத்த கார்

என் கணவர் குந்தா மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குச் சில வருடம் முன்பு பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். மஞ்சூரில் எங்கள் வீட்டிலிருந்து ஊட்டி வரை ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். அதனால்தானோ என்னவோ, அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

வண்டி ஓட்டும்போது எதிரே ஏதாவது வருகிறதா என்று என்னிடம் கேட்கத் தொடங்கியிருந்தார். பேச்சுத் துணைக்குக் கேட்கிறார் என்று நினைத்து நானும் சொல்லிக்கொண்டே வருவேன். பஸ் வருதுங்க, ஓரத்தில் மாடு நிக்குதுங்க, இப்படி. ஒரு வருடம் போல அப்படியே ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் ஊட்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். லேசான மூடுபனி இறங்கியிருந்தது. நான் குனிந்து பையில் மாத்திரைச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது என் பக்கம் டொப்பென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், தேயிலை பறித்துவிட்டு ஓரமாக நடந்து போன ஒரு பெண் சாக்கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். காரின் பக்கக் கண்ணாடி அவள் முதுகு மூட்டையில் இடித்திருந்தது. இலையெல்லாம் ரோட்டில் கொட்டிக் கிடந்தது.

கொஞ்ச தூரம் தள்ளி அவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

அவள் சேலை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஐம்பதடி தூரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஓடிப் போய் அந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டும் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு, இலையைப் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். நானும் கூட உட்கார்ந்து பொறுக்கினேன். திரும்பி வந்தபோது அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். என் கையைத் தேடிப் பிடித்து அதில் சாவியை வைத்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மஞ்சூரிலிருந்து தெரிந்த டிரைவரை வரவழைத்து வீடு வந்து சேர்ந்தோம்.

கண்ணில் அழுத்தம் என்றார் மருத்துவர். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். மருந்தை ஒரு வேளைகூட விடவில்லை. ஆனாலும் இருந்ததும் இரண்டு வருடத்தில் போய்விட்டது.

அதற்குப் பிறகும் கார் வாசலில் நின்றது. எலி ஒயரைக் கடித்தது. சீட்டில் பூஞ்சை பிடித்தது. ஒரு நாள் ரேடியோவில், கோயம்புத்தூரில் பார்வையற்றோருக்கான ஓர் இல்லம் பழைய வண்டிகளை நன்கொடையாக எடுத்துக்கொள்வதாக அவர் கேட்டிருக்கிறார்.

"குடுத்தர்லாம் புள்ள. நாலு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காச்சும் ஆகட்டும்" என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ஒன்றை வேண்டும் என்று சொன்னது அதுதான். நான் உடனே போன் செய்தேன்.

அடுத்த வாரம் வண்டியை ஏற்றிப் போகும் லாரியோடு இருவர் வந்தார்கள். ஒருவர் டிரைவர். மற்றவர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும், அவருக்கும் பார்வை கிடையாது. டீ குடித்த பிறகு, வண்டியைப் பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றார் டிரைவர். என் கணவர் பேனாவை வாங்கி எழுதினார். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி, காகிதத்தையும் தாண்டி மேசைமேல் ஓடியது. இன்னொரு படிவத்திலும் அப்படித்தான். டிரைவர் தயங்கி, கைநாட்டு வைத்துவிடலாம் என்றார். வருடக்கணக்காக ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட மனிதரின் கட்டைவிரலை நான்தான் பிடித்து மையில் அழுத்தினேன்.

பிறகு என் கணவர் இல்லத்திலிருந்து வந்தவரிடம் கேட்டார். "இது எஞ்சினு நல்ல எஞ்சினுங்க. ஒயரு மாத்துனாப் போதும். உங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக வெச்சுக்குவீங்கல்லங்க?"

வந்தவர் பொய் சொல்லவில்லை. "இல்லீங்க. இந்த வயசு வண்டிய ஓட்ட முடியாதுங்க. உடைக்கக் குடுத்துட்டு, வர்றதை அரிசிக்கு வெச்சுக்குவோம்."

என் கணவர் தலையாட்டினார். எதிரே இருப்பவருக்கு அது தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை. தாழ்ந்த குரலில் இன்னொன்று கேட்டார்.

"இது பழகறதுக்கு எத்தனை நாளாகுங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் பொறந்ததுல இருந்தே பாத்ததில்லைங்க."

காரை லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். லாரி மேட்டுப்பாளையம் ரோட்டுக்குப் போக வளைந்து இறங்கும் சத்தம் அடங்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

மறுநாள் காலை குழாயடிக்குப் போனவர் பாதி வழியில் கையை நீட்டியபடி நின்றுவிட்டார். கதவிலிருந்து கார் டிக்கி, அதைத் தடவிக்கொண்டே முன்பக்கம், அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் குழாய். இதுதான் அவருடைய வழி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவிலிருந்து குழாய்வரை ஒரு கயிறு கட்டினேன். மாட்டைக் கட்டுவதுபோல இருக்கிறது என்று அதை அவர் தொடவேயில்லை.

இல்லத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. கோல் பிடித்து நடக்கப் பயிற்சி தருகிறோம், வந்து தங்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மழை விடட்டும் என்றார். மழை விட்டது. பனி முடியட்டும் என்றார். இப்போது முகம் கழுவத் தண்ணீரை நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பயிற்சியைப் பற்றி நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.