அடுப்புக்கு மேலே காய்ந்த மிளகாய்

லயத்து வரிசையில் பக்கத்து அறைக்கு, காம்பராவுக்கு, புதிதாகக் குடிவந்தவள் இன்றைக்கும் வாசலில் சாக்கை விரித்து மிளகாய்ப் பழத்தைக் காயப்போட்டுவிட்டு மலைக்குப் போனாள். ஹல்துமுல்லைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஐப்பசி மாதத்து வெயில், துரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருவது மாதிரி. வரும், முகத்தைக் காட்டும், போய்விடும். பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, சாக்கு, மிளகாய், கோழி எல்லாவற்றையும் நனைத்துவிடும். வயதாகி, வேலையாள் கணக்கில் பெயர் வெட்டி, வீட்டோடு உட்கார்ந்துவிட்ட கிழவி நான். அவள் கொழுந்து எடுக்கப் போன பிறகு சாக்குக்கு நான்தான் காவல். காவல் என்றால், பார்த்துக்கொண்டிருப்பேன். எடுத்து உள்ளே வைக்கமாட்டேன். அவள் என் அண்ணன் மகன் முத்தையாவின் பெண்சாதி. என் மகள் செல்லம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறவள்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை வந்த புதிதில் நானும் செய்தவள்தான். லயத்துக்குப் பின்னால் நட்ட செடியில் பறித்ததை ஊரில் செய்கிறமாதிரி விரித்தேன். நாலாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து பலாக்காய் கொண்டுவரும் மெனிக்கா என்பவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. வானத்தைக் காட்டிக் கையை விரித்தாள். என் அடுப்பைக் காட்டித் தலையை ஆட்டினாள். அடுப்பில் போடச் சொல்கிறாள் என்று நினைத்துக் கூடையோடு நெருப்பில் கொட்டினேன். பத்துக் காம்பராச் சனமும் இருமிக்கொண்டு வெளியே ஓடியது. கங்காணியின் பெண்சாதி, ஊரிலிருந்து ஆள் பிடித்து வரச் சொன்னால் குரங்கைப் பிடித்து வந்திருக்கிறார்கள் என்றாள். மறுவாரம் மெனிக்கா வந்து விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டு, தானே அடுப்புக்கு மேலே நாலு குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மிளகாயை அதன்மேல் பரப்பிவிட்டுப் போனாள்.

இருபது நாளில் மிளகாய் கறுத்துச் சுருங்கிவிடும். குலுக்கினால் விதை சத்தம் போடும். துணியால் கரியைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, வெறும் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி, வெந்நீரில் ஊறவைத்து, உப்பும் புளியும் சேர்த்து அம்மியில் அரைக்கவேண்டும். கருவாட்டுக் குழம்பில் அந்தக் காரம் வாயில் வைத்ததும் குத்தாது. தொண்டையில் போய் உட்கார்ந்து மெதுவாகத்தான் எரியும். வெங்காயத்தோடு இடித்து ரொட்டிக்கு வைத்தால் வேறு கறி வேண்டாம். களத்தில் மல்லாந்து கிடந்து காய்ந்த ஊர் மிளகாய்க்கு இது வருமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பாக இருப்பதும் குத்துவதும்தான். அந்த ஊர்ச் சனமும் அப்படித்தான்.

எட்டு வருசத்துக்கு முன்னால் செல்லத்தை முத்தையாவுக்குப் பேசி முடிக்க அவளோடு ஊருக்குப் போனேன். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். வருகிறவர்களுக்கு என் கையால் ஆக்கிப் போடவேண்டும் என்று ஒரு சிறு மூட்டை மிளகாயும் கொண்டுபோயிருந்தேன். அண்ணன், அவர் பங்காளிகள், முத்தையா எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் வைத்த கருவாட்டுக் குழம்பை முத்தையா இரண்டாம் தரம் வாங்கி ஊற்றிக்கொண்டான். அப்போதுதான் மதினி மூக்கைச் சுளித்தாள்.

“ஏத்தா, என்னத்தப் போட்டு வச்ச? சுடுகாட்டுப் பொக மாதிரில்ல அடிக்கிது.”

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படிக்குப் போய் மூட்டையை அவிழ்த்துவிட்டாள். கறுத்த மிளகாயைக் கையில் எடுத்தவள் அதை உதறிப் போட்டாள். “இது சுத்திப் போட்ட மொளகாடி. யாரு கண்ணேறு கழிச்சதையோ நெருப்புலருந்து பொறுக்கிட்டு வந்து எம்புள்ள வயித்துக்குள்ள போட்டிருக்கா.”

பந்தியில் எல்லார் கையும் இலையிலேயே நின்றுவிட்டது. செல்லம்தான் எழுந்து பதில் சொன்னாள். “அத்தை, நெருப்புல போட்டது இல்ல. அடுப்புக்கு மேல காயவச்சது. எங்க மலையில வெயிலு கெடையாது.”

அண்ணன் சிரித்தார். வெயில் இல்லாத ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்று பங்காளிகளைக் கேட்டார். அவர்களும் சிரித்தார்கள். அந்தக் கண்மாய்க் கரையைத் தாண்டாத தலைகளுக்கு அதற்குமேல் எட்டாது. மதினி உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். “முத்தையா, படிடா. ஒங்க அத்தை கைப்பட எழுதுனது.”

அவன் படித்தான். இங்கே வெயில் நம் ஊரைப் போலவே அடிக்கிறது, வாசலில் களம் போட்டிருக்கிறோம், மிளகாய் இரண்டே நாளில் காய்கிறது. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த என் கையெழுத்து. கங்காணி பேச்சைக் கேட்டுப் போய்க் கெட்டாள் என்று ஊர் என்னைச் சொல்லக்கூடாதென்று வந்த புதிதில் எழுதியது.

“சொல்லும்மா” என்றாள் செல்லம். நான் எழுதினது பொய். சொல்லவேண்டியது அந்த மூன்றே வார்த்தை. ஆம்பிளைகள் அத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு வாய் வரவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர்களை மூடர்கள் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னைவிடக் கேவலமானவள் யாருமில்லை.

செல்லம் மூட்டையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்போடு மென்று விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “எந்தக் கண்ணேறா இருந்தாலும் என்னையே புடிக்கட்டும். எந்திரிம்மா, போவோம்.” நாங்கள் தெருவில் இறங்கும்போது மதினி அந்தக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் போட்டு உடைத்தாள்.

கப்பலிலும் ரயிலிலும் செல்லம் என்னோடு பேசவில்லை. அப்புத்தளையில் இறங்கியதும், குளிர்கிறது, போர்த்திக்கொள் என்றாள். அவ்வளவுதான். பிறகு பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம், நன்றாக இருக்கிறாள். அந்தக் காகிதத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

அவர்கள் பெருமைப்பட்ட வெயில் இந்த இரண்டு வருசமாக விடாமல் அடித்துக் கண்மாயைக் குடித்துவிட்டது. முத்தையா போன மாதம் கங்காணி பிடித்த ஆட்களில் ஒருவனாக மலையேறி, என் பக்கத்துக் காம்பராவுக்கே வந்து சேர்ந்தான். அவன் பெண்சாதி, மாமியார் கொடுத்துவிட்டதாக ஒரு கை மிளகாய் கொண்டுவந்து தந்தாள். சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. எட்டு வருசத்துக்கு ஒரு கை. குழம்பில் போட மனம் இல்லை, எறியவும் கை வரவில்லை. புகை படாமல் ஒரு தகரப்பெட்டியில் மூடி வைத்தேன். திறந்தால் களத்து வெயில் வாசம் அடிக்கும். ஒரு நாளைக்கு ஒருதரம் திறந்தேன்.

இன்றைக்குத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வேலை முடிந்து நனைந்த சாக்கோடு வாசலில் வந்து நின்றாள். “சின்னம்மா, அம்புட்டும் பூத்துப்போச்சு. ஊருல ரெண்டே நாள்ல காயும்.”

“இங்க காயாது. காயிதத்துல நான் எழுதினது பொய்.”

“எந்தக் காயிதம்?” என்றாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவேண்டியவர்களுக்குச் சொல்லாததை, ஒன்றும் தெரியாதவளிடம் கொட்டிவிட்டேன். அவள் சாக்கை வாங்கி உள்ளே வைத்தேன்.

துடைத்த மிளகாயை அடுப்புக்கு மேலே ஓர் ஓரமாகத் தனியே வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அந்த ஓரம் மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. புகை அந்த ஓரத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது.