பன்னிரண்டு தகடும் ஒரு தவிலும்

கூலன்ட் எண்ணெயும் சந்தனமும் கலந்தால் ஒரு வாசனை வரும்... வேறு எங்கேயும் அது வராது. ஆயுத பூஜையன்று காலையில் எங்கள் பிளான்ட்டில் வரும். இந்த வருடமும் உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது. உடனே இசக்கி ஞாபகம்.

சில வருடங்களுக்கு முந்தைய கதை. வல்லம் வடகாலில், கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்கிற கம்பெனி. நான் வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். இசக்கி தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தாள். இரண்டு பேருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை. நல்ல பீஸ் பச்சை டப்பாவுக்கு, கோளாறான பீஸ் சிவப்பு டப்பாவுக்கு. எட்டு மணி நேரமும் இதேதான்.

பூஜைக்கு ஒவ்வொரு லைனும் கழிவுப் பொருளில் ஏதாவது செய்து வைக்கச் சொன்னார்கள். பக்கத்து லைனில் ஸ்பிரிங்குகளை வைத்து மயில் செய்தார்கள். இசக்கியோ சிவப்பு டப்பாவிலிருந்து உள்ளங்கை அகலத் தகடுகள் பன்னிரண்டை எடுத்து, டீ பிரேக்கில் வெள்ளை பெயின்ட் பேனாவால் வரைய ஆரம்பித்தாள்.

என்ன படம்? சொல்ல மாட்டாள்.

எனக்கு மண்டை குடைந்தது. முதலில் வரைந்த நாலைந்திலும் ஒரே பெண், எங்களைப் போலவே யூனிஃபார்ம், தலையில் தொப்பி. கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கொசு அடிக்கிறாளா? பஸ்ஸில் கம்பி பிடிக்கிறாளா?

"அட சொல்லேன்டி, இன்னாதான் பண்றா அவ?"

"சுத்தும்போது பாரு ட்டீ. இப்பவே சொல்லிட்டா என்ன ருசி?"

ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில், சுற்றினால் படம் அசைகிற அட்டை உருளை ஒன்றைப் பார்த்திருக்கிறாளாம். மெயின்டனன்ஸ் ஆரோக்கியம் அண்ணன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, காலி ஆயில் டிரம்மைப் பாதியாக அறுத்தார். சுற்றிலும் நீளமாகக் கீற்றுகள் வெட்டினார். அடியில் பேரிங், பக்கத்தில் ஒரு பழைய மோட்டார். தகடுகளை உள்பக்கம் வரிசையாக ஒட்டி, டிரம் சுற்றும்போது கீற்று வழியாகப் பார்த்தால் படம் அசையும்.

இசக்கிக்குப் பூஜையன்றோடு கான்ட்ராக்ட் முடிகிறது. சாயங்காலமே ஊருக்கு பஸ். தகடுகள் ரிஜெக்ட் பீஸ் என்பதால் கேட்டைத் தாண்டக் கூடாது, மறுநாள் ஸ்கிராப்புக்குப் போய்விடும். செல்ஃபோனுக்கும் உள்ளே அனுமதி இல்லை.

"ஒரே ஒரு தடவ அது அசையுறத என் கண்ணால பாத்துட்டா போதும் ட்டீ" என்றாள். "பெறவு நிம்மதியா ஊருக்குப் போயிருவேன்."

பூஜை நாள். மெஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு... நாகஸ்வரம், தவில் எல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று. ஆரோக்கியம் அண்ணன் மோட்டார் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக்கைத் தேடினார். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னா பண்ற ஆரோக்கியம்? பொட்டு வெச்சாச்சு. நாளைக்கு காலைல வரைக்கும் எந்த மோட்டாரும் ஓடக் கூடாது."

அடக் கடவுளே! ஆயுத பூஜையன்று மெஷினுக்கு ஓய்வு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று வாரம் மாடாய் உழைத்த எங்களில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. இசக்கி முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"மோட்டார்தானே சார் ஓடக் கூடாது... கையால சுத்தலாம்ல?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சுற்றினேன். ஆனால் வேகம் சீராக வரவில்லை. கீற்றில் பார்த்தவர்களுக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்ததாம். தவில்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் ஒரே வேகத்துல வாசிக்கிறேன். அத்த புடிச்சிக்கினு சுத்து."

வாசித்தார். அடிக்கு ஒரு தள்ளு. கொஞ்ச நேரத்தில் கை தானாகப் படிந்துவிட்டது.

"ஏய், தொப்பி போடுறாடி!" என்று கீற்றில் கண் வைத்திருந்த ஒருத்தி கத்தினாள்.

இசக்கி பதறிப்போனாள். "இல்ல ட்டீ! அவ போடல, கழட்டுதா!"

தகடுகளை ஒட்டியது நான். எங்கள் லைனில் வேலை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் நகரும். பழகிய கை, ஒன்று முதல் பன்னிரண்டு வரை அதே மாதிரி வலமிருந்து இடமாக ஒட்டித் தொலைத்திருக்கிறது. மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும், அதுவாக இருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். என் கைதானே... எதிர்ப்பக்கம் சுற்றினேன்.

இப்போது இசக்கி கீற்றில் கண்ணை வைத்தாள். "விட்டுறாத ட்டீ... கைய மாத்திறாத!"

தவில் முழங்கியது. அவள் வாய் மெல்லத் திறந்தது. சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"தொப்பிய கழட்டுறா! ஐயோ, சடை எப்டி வந்து வுழுது பாரு!" என்று மற்ற பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து பார்த்தார்கள். லைனில் யார் கூந்தலையும் யாரும் பார்த்ததில்லை. ஷிஃப்ட் முழுக்க எல்லாருக்கும் அந்த நீலத் தொப்பிதான். ரெண்டு பேர் அங்கேயே தங்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குள் ஆரத்தி, பொரி, பஸ் ஹாரன்... கேட்டில் இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தியா ட்டீ?"

"பாத்தேன்டி. சூப்பர்."

பொய். சுற்றுகிறவள் எங்கே பார்க்க?

மறுநாள் தகடுகள் ஸ்கிராப்புக்குப் போயின. ஏழாவதை மட்டும் சூப்பர்வைசர் எடுத்து, கோளாறான பீஸ்களை மாதிரிக்கு மாட்டி வைக்கும் போர்டில் தொங்கவிட்டார். இரண்டு கையும் தொப்பி மேல் இருக்கிற படம்.

இப்போது நான் டீம் லீடர். பூஜைக்கு எல்.இ.டி. திரை, ஆளுயர ஸ்பீக்கர், திரையில் மயில் தோகை விரிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் போர்டு பக்கம் நின்றிருந்தாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்.

"அக்கா, இந்தம்மா தொப்பி போடுறாங்களா, கழட்டுறாங்களா?"

"கழட்டுறா."

"ஒரு படத்த வெச்சி எப்டிக்கா அவ்ளோ கரெக்டா சொல்றீங்க? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் இசக்கி பார்த்ததைப் பார்த்தேன்.