மூச்சு வாங்குதாம்மா?

நம்மைத் திட்டப்போகிறவர்களின் நம்பரை நம் கையிலேயே கொடுத்து, நாமே கூப்பிட்டுத் திட்டு வாங்கச் சொல்லும் உத்தியோகத்துக்கு டெலிகாலர் என்று பெயர். லோன் வேண்டுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும். கொரோனா இரண்டாவது அலையில் திருப்பதியில் எனக்கு வாய்த்த வேலை, தொற்று வந்து வீட்டிலேயே இருக்கும் கர்ப்பிணிகளைத் தினமும் கூப்பிட்டு விசாரிப்பது. தமிழ் தெரிந்த குற்றத்துக்காக, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வரதய்யபாளையம் பக்கமெல்லாம் என் தலையில் விழுந்தது.

கணவரே கர்ப்பிணி

கௌரிக்கு எட்டாம் மாதம். ஆனால் போனை எப்போதும் எடுப்பவர் கணவர் வேலு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, எல்லாம் சூப்பர் என்பார். கௌரியிடம் கொடுங்கள் என்றதற்கு, அவளுக்கு ஒன்றும் தெரியாது, எதுவானாலும் தன்னைக் கேட்கச் சொன்னார். சரி, இன்றைக்குக் குழந்தை நன்றாக அசைந்ததா அண்ணா என்று கேட்டேன்.

"அத அவளத்தான் கேக்கணும் மேடம்."

மாமியாரின் விரல்

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆக்சிஜன் அளவை மாமியார் சொல்வார். தினமும் தொண்ணூற்றெட்டு. ஒலிம்பிக்குக்கே அனுப்பலாம் போல இருந்தது.

ஒருநாள் வேலு வேலைக்குப் போயிருந்ததால் கௌரியே போனை எடுத்தாள். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை நின்றாள். இப்போதே மாட்டிப் பாரும்மா என்றேன். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவே கூடாது. மாமியாரைக் கூப்பிட்டு, இத்தனை நாள் எப்படிப் பார்த்தீர்கள் என்று விசாரித்தேன். அந்தச் சிவப்பு லைட் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம்.

"அதான் என் வெரல்ல மாட்டிப் பாத்தேன். ஒரே வூட்டுலதான கீறோம், எல்லாருக்கும் ஒண்ணாத்தான இருக்கும்?"

ஆம்புலன்சுக்கு முன்னால்

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கௌரியிடம் வேலை இடத்து நம்பரை வாங்கி வேலுவைப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள், அங்கே போனால்தான் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பிரசங்கமே செய்தார். வாட்ஸ்அப்பில் பட்டம் வாங்கியவர். நான் வாதாடவில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தனியாக மூக்கு வேலை செய்யாது, அவளுக்குக் குறைந்தால் அதற்கும் குறையும் என்று மட்டும் சொன்னேன். குரல் இறங்கிப்போய்க் கேட்டார்.

"அப்போ ரெண்டு பேருக்கும் சேத்து அவ ஒருத்திதான் மூச்சு வுட்டுகினு கீறாளா?"

அன்றே திருப்பதியில் சேர்த்தார்கள்.

முகம் தெரியாத அம்மா

ஆக்சிஜன் வைத்தும் கௌரிக்கு மூச்சு சரியாகாததால், நாள் வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ரொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று வந்தது. கௌரியும் மெல்லத் தேறினாள். பால் கொடுக்கப் பயந்தவளிடம், மாஸ்க் போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தாராளமாகக் கொடு என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் கௌரியே என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் நல்லா கீறோம் என்றாள். ஒரே ஒரு குறைதானாம்.

"இப்போ மாஸ்க்க கழட்டினா, யாரோன்னு நெனச்சி அழுவுதுக்கா."

ஒரு கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தால் அவளைத் தவிர வீட்டில் மற்ற எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள் என்பதுதான் அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே மருத்துவம்.