என் போனில் அவர் பெயர் 'பாயி நியூ'

மாலதி மண்டல் போய்விட்டார்.

யார் என்று உங்களுக்குத் தெரியாது. நேற்று காலை வரை எனக்கும் தெரியாது...

தில்லியில் எங்கள் மயூர் விஹார் அபார்ட்மென்ட் சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் செக்ரட்டரி மேடம் போட்டிருந்தார். மாலதி மண்டல், ராத்திரி ஹார்ட் அட்டாக். அவ்வளவுதான். ஏதோ ஒரு ஃபிளாட்டில் யாருடைய மாமியாரோ என்று நினைத்துக்கொண்டு, காபி குடித்தபடியே 'ஓம் சாந்தி' தட்டினேன். கூடவே கும்பிடு எமோஜி.

கொஞ்ச நேரம் கழித்து, வீட்டு வேலைக்கு வருபவரைக் காணோமே என்று அதற்குக் கீழேயே இன்னொன்றும் போட்டேன். "எங்கள் பாயி இன்னும் வரவில்லை. கேட்டில் யாராவது பார்த்தீர்களா?"

எதிர் ஃபிளாட் ஆன்ட்டிதான் வந்து பெல் அடித்தார். "அரே பேட்டா... மாலதி தோ வஹீ தீ." அவள்தானம்மா அந்த மாலதி.

சிங்க்கில் பாத்திரம் அப்படியே கிடந்தது.

என் பையன் எல்கேஜி போகும்போது வேலைக்கு வந்தவர். அவன் இப்போது காலேஜ். என் போனில் அவர் இன்னும் 'பாயி நியூ'. என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை 'தீதி' என்பார். அக்கா.

ஒருமுறை ஆபீஸில் மராத்திக்காரத் தோழி சொன்னாள். அவர்கள் பக்கம் பாயி என்றால் அம்மா, அம்மணி மாதிரி மரியாதைச் சொல்லாம். ஸ்கூல் டீச்சரையே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "நீ வளர்ந்த லக்ஷ்மிபாய் நகர்ல இருக்கறதும் அதே பாயிதான், ராணி பேரு." அது எப்படிப் பாத்திரம் தேய்க்கிறவர் வரைக்கும் இறங்கியது என்று அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பாயியிடம் சொன்னேன். சோப்பு நுரைக் கையோடு சிரித்தார். "தோ மே ராணி ஹூன்? ராணி கோ சாய் பிலாவ், தீதி." அப்போ நான் ராணியா, ராணிக்கு டீ கொடு என்று.

கொடுத்தேன். அவருக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரில்தான்... அப்போதாவது பேர் என்ன என்று கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

டெங்குவில் நான் படுத்திருந்தபோது, நான் செய்வதைப் பார்த்தே பழகிய ரசத்தை வைத்துக் கொடுத்தார். வங்காளக் கை, சர்க்கரை போட்டிருந்தார். "இனிக்குதே பாயி" என்றேன். தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்தது. "பீ லோ தீதி, தாகத் ஆயேகி." குடி, தெம்பு வரும்.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் யார் என்று சொல்லிக்கொள்வது என்று யோசித்துக்கொண்டே.

வாசலில் நின்ற அவர் மகளை நான் பார்த்ததே இல்லை. அவள்தான் முதலில் பேசினாள். "ஆப் வித்யா தீதி ஹே நா? கார்த்திக் பையா கா எக்ஸாம் ஹோ கயா?" நீங்கள் வித்யா அக்காதானே, கார்த்திக் அண்ணாவுக்குப் பரீட்சை முடிந்ததா என்று.

என் பெயர், என் பையன் பெயர், அவன் பரீட்சை வரை... எல்லாம் அந்த வீட்டில் தெரிந்திருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

குரூப்பில் போட்ட அந்த இரண்டாவது மெசேஜை டிலீட் செய்துவிட்டேன். எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

போய் வாருங்கள், மாலதி தீதி.