நூறு கிராம் குறைவு

காங்கேசன்துறையில் எங்கள் ஒழுங்கைக்குள் கஜந்தினியைக் கண்டால் யாரும் அவளைச் சுகம் கேட்பதில்லை. கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "என்னடியப்பா, பிள்ளை வத்தலாய்க் கிடக்கு?" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். கோவிலிலும் அதுதான், கரையில் மீன் வாங்கப் போனாலும் அதுதான். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்துவிட்டது. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆதிரை பிறக்கும்போதே சின்னப் பிள்ளை. தாயும் மெலிந்தவள்தான். ஆனால் பிள்ளை வடிவாகக் குடிப்பாள், புரண்டு படுத்துத் தலையைத் தூக்கி ஊரைப் பார்ப்பாள், சிரிப்பாள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுப்பதில்லை என்று கஜந்தினி ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஓ.எல். பரீட்சை இரண்டு முறை எழுதியும் கணிதம் கைகொடுக்கவில்லை. தையல் வகுப்புக்குப் போய் இடையில் நிறுத்தினாள். எதையும் முடிக்கமாட்டாள் என்று பெயர் எடுத்தவள். இதையாவது முடித்துக்காட்ட வேண்டும் என்ற வைராக்கியம் அவளுக்கு.

அவளுடைய கணவன் ஜெயசுதன் கடற்தொழிலாளி. அவனுடைய அக்கா குணலட்சுமி அதே வளவில்தான் இருக்கிறாள். கெட்டவள் இல்லை, பிள்ளையில் உயிர். ஆனால் அவர்களுடைய தம்பி றொகானுக்குக் கனடாவில் இதே வயதில் ஒரு மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அந்தக் கொழுக்மொழுக் கன்னத்தைக் காட்டுவார்கள். பார்த்து முடிந்ததும் குணலட்சுமி ஆதிரையின் காலைத் தடவிப் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே கஜந்தினிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாம் மாதம் நிறை பார்க்கிற நாளில் கஜந்தினிக்குக் காய்ச்சல். குணலட்சுமிதான் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். நிறை நன்றாக ஏறியிருக்கிறது என்று திரும்பி வரும்போதே ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் கஜந்தினி போனாள். உடுப்பெல்லாம் கழற்றித் தராசில் தொங்கவிட்டார்கள். போன மாதத்தைவிட நூறு கிராம் குறைவு.

"இந்த வயசிலை நிறை குறையக் கூடாது பிள்ளை," என்றார் கனகாம்பிகை மிஸி. குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் மருத்துவமாது அவர்தான். "ரெண்டு கிழமையாலை திரும்பக் கொண்டுவாங்கோ. அப்பவும் ஏறாட்டி டொக்டரிட்டைக் காட்டவேணும்."

அன்று தொடங்கியது கூத்து. பால் சுரக்க வேண்டும் என்று பால்சுறா வறை காலையும் மாலையும். உள்ளிப் பூண்டு தனியாக. மணமே பிடிக்காமல் போகும்வரை தின்றாள். கடைசியில் ஜெயசுதன் ஒரு பால்மா ரின்னும் சூப்பிப் போத்தலும் வாங்கிவந்து குசினியில் வைத்தான்.

"ஒரு போத்தல் குடுத்தா என்ன குறைஞ்சுபோகும் கஜி? ஊர் வாயை என்னாலை மூடேலாது."

மூன்று நாள் அந்த ரின்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் பின்னேரம் தோற்றுப்போய், தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடியைத் திறந்தாள். மாவை அள்ளும்போது அழுகை வந்துவிட்டது. குணலட்சுமிக்கு மனம் பொறுக்கவில்லை.

"அழாதை கஜி. போன மாசம் எவ்வளவு வடிவாய் ஏறியிருந்தது! நீதான் சட்டையையும் தண்டையையும் கழட்டி, பிள்ளையை எல்லாரும் பாக்க வெறும்மேலோடை தொங்கவிட்டனி. நாவூறு பட்டுப்போச்சு."

கஜந்தினியின் கை நின்றது. "நீங்கள் கழட்டேல்லையோ மச்சாள்?"

"பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை உரிஞ்சு காட்டுறதோ? மிஸி கழட்டச் சொன்னவ. நான் விடேல்லை. சனம் நெருக்கம் எண்டு அவவும் அப்பிடியே நிறுத்து எழுதிப்போட்டா."

"என்ன போட்டுக்கொண்டு போனனீங்கள்?"

கனடாவிலிருந்து வந்த கம்பளிச் சட்டை, தொப்பி, சப்பாத்து. பனிக்குப் போடுகிற உடுப்பு, எங்கள் வெயிலில்! வெள்ளித் தண்டை, அரைஞாண், காப்பு. போதாததற்குக் காலையிலிருந்து மாற்றாமல் நனைந்து தொங்கிய பம்பேர்ஸ்.

கஜந்தினி அறைக்குள் போனாள். அலுமாரியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளினாள். புதுப் பம்பேர்ஸ் ஒன்றில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினாள். ஜெயசுதனின் மீன் தராசைச் செதிள் ஒட்டியபடியே இழுத்துவந்து அதில் கொட்டினாள். நானூற்றெழுபது கிராம்.

கணிதத்தில் இரண்டு முறை தவறியவள் அந்தக் கணக்கை மட்டும் உடனே போட்டாள். நூறு குறையவில்லை. முந்நூற்றெழுபது கூடியிருக்கிறது.

"பிள்ளையையோ தராசிலை போட்டனீங்கள்?" என்று அவள் கத்தியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "என்னையெல்லோ எல்லாருமாய்ப் போட்டனீங்கள்!" பிறகு குசினி நிலத்திலேயே இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அழுதபடிதான் கொடுத்தாள். சத்தம் கேட்டு வந்த ஜெயசுதன் தராசைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் கஜந்தினி பிள்ளையைக் கொண்டுபோய் நடந்ததைச் சொல்ல, மிஸி திரும்ப நிறுத்துப் பார்த்தார். "சின்னனாய்ப் பிறந்த பிள்ளை, தன்ரை அளவிலை ஒழுங்காய்த்தான் ஏறுது. அண்டைக்கு நான் கழட்டாமல் நிறுத்தது பிழை," என்றார். அந்த ஞாயிறு குணலட்சுமி கனடாவுக்குச் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னனான், பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு." திறந்த ரின் அவளுடைய தேத்தண்ணிக்குப் போனது.

ஆறு மாதத்தையும் கஜந்தினி முடித்துக்காட்டினாள். கெட்டிக்காரி என்று ஒரு வாயும் சொல்லவில்லை. பிள்ளைக்கு முதல் சோறு தீத்துவதற்குக் கீரிமலைக் கோவிலுக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். வாசலில் முன்பின் தெரியாத ஒருத்தி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "ஐயோ, வத்தலாய்க் கிடக்கு. பால் போதாதோ, காணாதோ?" என்றாள்.

"ஓம், என்னைப்போலை வத்தல்தான்," என்றாள் கஜந்தினி. "பால் கண்டது." பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.