நடுப்பகலில் வாரிய உப்பு

2005-ஆம் ஆண்டு, சுனாமி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மரக்காணத்தில் எங்கள் தெருவில் ஒரு வெளிநாட்டு மருத்துவர் ஜீப்பை நிறுத்தி, அனுமந்தைக்கு வழி கேட்டார். நான் பி.ஏ. படித்தவன். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் வாய் திறக்க வரவில்லை, விரலைத்தான் நீட்டினேன். அந்த வெட்கத்தில், அறுபத்து மூன்று வயதில், சமுதாயக் கல்லூரியின் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன்.

மாலை வகுப்பு. துபாய் போகக் காத்திருந்த கோட்டக்குப்பத்து இளைஞர்கள்தான் அதிகம். என் பெஞ்சில் உட்கார்ந்தவர் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். எட்டாவது வரை படித்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவர் பாதமெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. இந்த வகுப்பின் சான்றிதழைக் கொண்டு வந்தால் ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைசித் தேர்வாக, உள்ளூர்த் தொழில் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார் எங்கள் ஆசிரியை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண் அவர். பெண்மணி தன் தாளை முதலில் என்னிடம் நீட்டினார்.

"தப்பு இருந்தா பாத்துக் குடுங்க சார். என் இங்கிலீசு நொண்டியடிக்குது."

நொண்டியடிக்கத்தான் செய்தது. ஆனால் அதில் உப்பு விளைந்தது. எனக்கோ எழுத ஒன்றுமே இல்லை. முப்பது வருடம் பஸ் ஜன்னல் வழியாக உப்புக் குவியல்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் பாத்தி வரப்பில் கால் வைத்ததில்லை. வகுப்பிலேயே அதிகம் படித்தவன் வெறும் தாளைக் கொடுப்பதா? அவருடைய விஷயத்தையே அலங்கார ஆங்கிலத்தில் எழுதி, என் பெயரில் கொடுத்துவிட்டேன். விடிவதற்கு முன் உப்பு வாருவதாக அவர் எழுதியிருந்தார். வெயில் இருந்தால்தானே உப்பு என்று எண்ணி, என் தாளில் அதை மட்டும் 'கொளுத்தும் நடுப்பகலில்' என்று மாற்றி எழுதினேன்.

அடுத்த வகுப்பில் ஆசிரியை எங்கள் இரண்டு தாள்களையும் அந்தப் பெண்மணியின் முன் வைத்தார்.

"சார் எழுதினதைப் பார்த்துத் தப்பும் தவறுமா எழுதியிருக்கீங்க. இதுக்கு எப்படிம்மா சர்டிபிகேட் கொடுக்கிறது?"

பெண்மணி தாள்களைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்து ஏதோ முணுமுணுத்தேன்.

"வுடுங்க சார். வயசுல பெரியவங்க, நாலு பேர் முன்னால உங்கள காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல" என்றார். செருப்பை மாட்டியவர் நின்று திரும்பினார். "ஆனா இன்னா சார், நடுப்பகல்னு எழுதிட்டீங்க? அந்த வெயில்ல உப்பு மேல நின்னா கண்ணு அவிஞ்சி பூடும். நாலு மணிக்கே எறங்கி, வெயில் ஏறுறதுக்குள்ள கரையேறிடுவோம். அத மட்டும் மாத்திடுங்க. படிக்கிறவங்க சிரிப்பாங்க."

விடுதி வேலை கைநழுவியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் வகுப்பு தொடங்கியதும் எழுந்து நின்றேன். யார் யாரைப் பார்த்து எழுதியது என்பதை ஆங்கிலத்திலேயே சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. பிறர் முன்னால் நான் முழுதாகப் பேசிய முதல் ஆங்கிலம் அந்த வாக்குமூலம்தான். நடுப்பகல் கதையைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"மத்தியானத்துல உப்பளத்துல நின்னா நீங்க கருவாடு ஆயிடுவீங்க சார்!"

வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணியை முன்னால் அழைத்து, உப்பு எடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார். அவர் வெறுங்காலுடன் போய் நின்று, ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். இலக்கணம் இடறியது, அவர் இடறவில்லை. ஓர் இடத்தில் வார்த்தை கிடைக்காமல், பலகையால் உப்பை இழுப்பதுபோல இரு கைகளாலும் இழுத்துக் காட்டிவிட்டு மேலே பேசினார். கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். முதலில் கை தட்டியவன் நான்தான். சான்றிதழ் அவருக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, வேறொன்று எழுதித் தரச் சொன்னார்கள். கோப்புக் கட்டும் என் தொழிலைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு வரிகூட இரவல் இல்லை.

அடுத்த வருடம் உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அவர் வேலையில் சேர்ந்திருந்த அந்த ஆரோவில் பக்கத்து விடுதிக்குப் போனேன். ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் சரளமாகப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மை கிளாஸ்மேட்" என்று அவர்களிடம் அறிமுகப்படுத்தினார்.

பணியில் இருந்த காலத்தில் என்னை எத்தனையோ பேர் எழுந்து நின்று வணங்கியிருக்கிறார்கள். இன்று யாராவது என்னை யார் என்று கேட்டால், அந்தப் பெண்மணியோடு ஒரே பெஞ்சில் படித்தவன் என்று சொல்லத்தான் எனக்குப் பெருமையாக இருக்கிறது, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம் இன்னும் உறுத்தினாலும்.