கேட்டில் ஒட்டிய எண்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஸ்கூட்டரை உருட்ட ஆரம்பித்துவிடுகிறவன். அப்படிப்பட்டவன் சொந்த மனைவிக்கு வாத்தியாராக உட்கார்ந்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

அப்போது மாரெட்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவள் எம்.சி.ஏ. முடித்தவள். கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்து ஒரு வருடமாக வீட்டிலேயே இருந்தாள். தெலுங்கு பிடிபடவில்லை, பேச ஆளில்லை. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று சொல்லியிருந்தாள். அதனால் ஒரு கம்பெனி ஆளெடுக்க எழுத்துத் தேர்வு வைக்கிறது என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் பரபரப்பு. கணக்கில் அவள் புலி. இடறியது ஒரே பகுதியில்தான். ஒரு கூற்றைக் கொடுத்து, அதற்குள் சொல்லாமல் ஒளிந்திருக்கும் அனுமானம் எது என்று கேட்பார்கள்.

"இன்றே வாருங்கள், நாளை சரக்கு இருக்காது" என்று ஒரு கடையில் பலகை. அனுமானம் ஒன்று: பலகையைப் பார்த்துச் சிலராவது வருவார்கள். இரண்டு: கடைக்காரர் சொல்வது உண்மை. முதலாவதுதான் விடை. அந்த நம்பிக்கை இல்லாதவன் பலகையே வைக்கமாட்டான். அவளோ இரண்டும் கிடையாது என்று எழுதியிருந்தாள்.

"நம்ம தெருமுனைக் கடையில ஆறு மாசமா இதே போர்டு தொங்குது. ஒருத்தரும் வர்றதில்லைங்க."

"கேள்வியில தெருமுனைக் கடை எங்க இருக்கு? பேப்பர்ல இருக்கிறத மட்டும் பாரு!" என்று கத்தினேன்.

புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்று வாரம் இப்படித்தான் ஓடியது. கடைசி நாட்களில் அவள் ஒன்றுகூடத் தப்பு விடவில்லை. நான்தான் அவசரப்பட்டு இரண்டுக்குத் தப்பாக விடை சொன்னேன். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

தேர்வு நடந்தது ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். நூற்றுக்கணக்கில் கூட்டம். எழுதி முடித்து வந்தவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "நல்லா எழுதியிருக்கேங்க" என்றாள். முடிவு அன்றைக்கே, தேறியவர்களுக்கு உடனே நேர்முகம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக்கும் மரத்தடிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஒருவழியாக ஒருவர் வந்து கேட்டில் ஒரு தாளை ஒட்டினார். அவளை மரத்தடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். தாள் முழுக்க எண்கள். இரண்டு முறை விரலை ஓட்டிப் பார்த்தேன். அவள் எண் இல்லை.

"இல்ல. கிளம்பு."

"இருங்க, நானும் ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்."

"நான் என்ன குருடனா? வா."

ஸ்கூட்டரை உதைத்தபோது வாட்ச்மேன், "கைக்கு ஜல்தி சாப், ருக்கோ" என்றார். என்ன அவசரம், நில்லுங்கள் என்கிறார். இந்த ஊரில் யாருக்குத்தான் அவசரம் என்று எரிச்சலோடு கிளம்பினேன். போகிற வழியில், "அந்த அசம்ப்ஷன் கேள்வியிலதான் கோட்டை விட்டிருப்பே" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலரை மணிக்கு வீட்டு போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். அந்தக் கம்பெனியிலிருந்து. நேர்முகத்துக்கு மூன்று முறை அவள் எண்ணைக் கூப்பிட்டார்களாம், எங்கே போனீர்கள் என்று கேட்டார்களாம். கேட்டில் ஒட்டியது தேறாதவர்களின் பட்டியல். கூட்டத்தை முதலில் கலைப்பதற்காக அப்படி ஒட்டுவது அவர்கள் வழக்கம். நேர்முகம் முடிந்துவிட்டது, இனி வந்து பயனில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

"நம்பருக்கு மேல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மேலயா? பாக்கல."

தலையை மட்டும் ஆட்டினாள். கத்தியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த தேர்வுக்கு நானே கூட்டிப்போய், கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். "சரிங்க" என்றாள்.

நாலு மாதம் கழித்து அவளுக்கு வேலைக்கான கடிதம் வந்தது. அந்தக் கம்பெனியின் பேரையே நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். நான் ஆபீஸ் போயிருந்த ஒரு நாளில், பஸ் பிடித்துத் தனியாகப் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.